அம்மா என்று கூப்பிட்ட கனவு

மவுசேயிரி என்ற மீன்பிடி ஊரில் ஆர்மான் என்பவன், கலியாணம் ஆன முதல் குளிர்காலத்திலிருந்தே தன் மனைவியின் கனவுகளைத் திருடிவந்தான். திருடுவது மிகவும் சுலபம். காலையில் அவன்தான் முதலில் விழிப்பான். பக்கத்தில் மனைவி ஸ்வான்போர்க் சுவர்ப்பக்கம் திரும்பி, ஒரு கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்து, முழங்காலை மடக்கிப் படுத்திருப்பாள். முழங்கையால் அவள் முதுகில் ஓர் இடி இடித்து, காபி போடச் சொல்வான். அவள் திடுக்கிட்டு எழுந்து, கம்பளிச் செருப்பைக் காலால் துழாவி மாட்டிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவாள். அப்படி உலுக்கி எழுப்பப்படுகிறவர்களின் கனவு அவர்களோடு எழுந்து போவதில்லை. படுத்திருந்த பள்ளத்திலேயே, உடம்புச் சூடு ஆறும்வரை கிடக்கும். ஆர்மான் அந்தப் பள்ளத்துக்குள் நகர்ந்து, அவள் கிடந்த மாதிரியே சுவர்ப்பக்கம் திரும்பி, கன்னத்துக்கு அடியில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வான். காபி கொதிப்பதற்குள் கனவு முழுவதும் அவனுடையதாகிவிடும். பிறகு சமையலறைக்கு வந்து, காய்ந்த மீனில் வெண்ணெய் தடவிக்கொண்டே, தான் கண்டதாக அதை அவளிடமே சொல்வான். அவளும் கேட்டு வியந்துபோவாள்.

அந்த ஊரில் வானொலி சொல்லும் வானிலைக்கு அடுத்தபடி கனவைத்தான் நம்புவார்கள். வயதான படகுக்காரர்கள் கனவைத்தான் முதலில் வைப்பார்கள். கனவில் வெள்ளைக் குதிரை வந்தால் பனிப்புயல் வரும். கதவு திறந்து கிடந்தால் மீன் கரையை ஒட்டி வந்திருக்கிறது. ஆர்மான் வாலிபத்தில் கடலுக்குப் போனவன்தான், ஆனால் எந்தப் படகிலும் அவனை இரண்டாம் தடவை கூப்பிட்டதில்லை. பிறகு முழங்கால் கெட்டு, துறைமுகத்துக் கொட்டகையில் கிழிந்த வலை பொத்தும் வேலைக்கு வந்து சேர்ந்தான். கனவுகள் இல்லாவிட்டால் அவனை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். கனவுகள் இருந்ததால், துறைமுகத்துக் காபி அறையில் ஜன்னல் ஓரத்து நாற்காலி அவனுடையதாயிற்று. படகுகள் கிளம்புமுன் பெரிய படகுக்காரன் ஹ்யால்தி தானே வந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, இன்றைக்கு என்ன என்று கேட்பான். படகு திரும்பியதும் நல்ல மீனாகப் பார்த்து ஒரு கூடை அவன் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள்.

ஸ்வான்போர்க் கடலே தெரியாத உள்நாட்டுப் பள்ளத்தாக்கில், ஆட்டுப் பண்ணை ஒன்றில் பிறந்தவள். மவுசேயிரியில் அவளுக்குக் கனவே வராத ஸ்வானா என்று பெயர். நீச்சல் குளத்தை ஒட்டிய வெந்நீர்த் தொட்டியில் பெண்கள் கழுத்தளவு அமர்ந்து ஊர்க்கதை பேசும்போது, ஹ்யால்தியின் மனைவி ப்ரீதா அவளைச் சீண்டுவாள். "உனக்கென்ன ஸ்வானா, கல்லு மாதிரி தூங்குவ. கனவு காணுற வேலையையும் புருசன்கிட்ட விட்டுட்ட." ஸ்வான்போர்க்கும் சிரிப்பாள். ஆர்மான் சொன்ன கனவுகளில் அவ்வப்போது ஒரு நீல மூடி போட்ட கிணறு வரும், ஒற்றைக் காது நாய் ஒன்று வரும். இரண்டும் அவள் பிறந்த பண்ணையில் இருந்தவை. ஆர்மான் அங்கே போவதற்கு முன்பே நாய் செத்து, கிணறு தூர்ந்துவிட்டது. கேட்டால், நீ எப்போதாவது சொல்லிக் கேட்டிருப்பேன் என்பான். நெடுநாள் ஒரே கட்டிலில் படுப்பவர்களுக்குத் தலைக்குள் இருப்பது கொஞ்சம் கலந்துபோகும் போலிருக்கிறது என்று அவளும் விட்டுவிட்டாள்.

அவர்களுக்கு ஒரே பையன், தோர்பி. மீசை சரியாக முளைக்காத வயதில் ஹ்யால்தியின் படகில் வேலைக்குச் சேர்ந்தான். ஒரு மார்ச் மாதத்துச் சனிக்கிழமை பக்கத்து ஊரில் நடனத்துக்குப் போய், குடித்துவிட்டு விடியும்போது வீட்டுக்கு வந்தான். அன்று கடலுக்குப் போக அவனுக்கு மனமில்லை, மேசையில் தலை கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். ஆர்மான் கட்டிலிலிருந்து வந்து, நல்ல கனவு, வீடு நிறையத் தண்ணீர், இன்றைக்கு மீன் கொட்டப்போகிறது என்றான். ஸ்வான்போர்க் பையனின் பூட்ஸை எடுத்து அவன் காலடியில் போட்டாள். "போ. கடல்லயாவது உனக்குப் புத்தி வருதான்னு பாப்போம்." தோர்பி போனான். மதியத்துக்கு மேல் எழுந்த அலை ஒன்று அவனை மட்டும் படகிலிருந்து எடுத்துக்கொண்டது. உடல் கிடைக்கவில்லை. தேவாலயத்தில் வெறும் பெட்டியை வைத்துப் பாடினார்கள்.

அதே வாரத்தில் ஆர்மான் சமையலறைக்கு வந்து, தோர்பி கனவில் வந்தான் என்றான். வடக்குத் திட்டைச் சொன்னான், அங்கே வலை போடச் சொல்கிறான் என்றான். படகுகள் போயின. கடலுக்கடியில் மேடாகக் கிடக்கும் அந்தத் திட்டில் அவ்வளவு மீன் கிடைத்து யாரும் கண்டதில்லை. அதன்பிறகு வருடக்கணக்கில் தோர்பி அப்பாவிடம் வந்துகொண்டேயிருந்தான். ஊர் தின்றது, கூரை மாற்றியது, புது எஞ்சின் வாங்கியது. ஸ்வான்போர்க் மீன் பதப்படுத்தும் ஆலையில், அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசை முன் நின்று, செத்த பையன் காட்டிக்கொடுத்த மீனை அறுத்து, சதைக்குள் சுருண்டு கிடக்கும் புழுவை இடுக்கியால் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னிடம் மட்டும் ஏன் வரவில்லை என்ற கேள்வி கையுறைக்குள் நுழைந்த ஐஸ் போல நாள் முழுவதும் கூடவே இருந்தது. பதிலும் அவளுக்குத் தெரியும். பூட்ஸை எடுத்துப் போட்டவள் அவள். அந்தக் கடைசிச் சொல்லுக்காக அவன் அவள் முகத்தில் விழிக்க மறுக்கிறான். இப்படித்தான் அவள் தன்னைத் தின்றுகொண்டு பல குளிர்காலங்களைக் கழித்தாள்.

பிறகு லோவா வந்தாள். வடக்கே நகரத்து மருத்துவமனை ஒன்றில் தூக்கக் கோளாறுக்காரர்களைக் கவனிக்கும் பெண். எப்போதும் சளி பிடித்த மூக்கு. குளிர்காலத்தில் வாரம் ஒரு மாலை, பள்ளிக்கூடத்தின் தச்சு வகுப்பறையில், கனவைக் கனவென்று தெரிந்தே காண்பதற்கு வகுப்பு எடுக்கப்போவதாகக் கூட்டுறவுக் கடைக் கதவில் ஒட்டியிருந்தாள். பறக்க ஆசைப்பட்டவர்கள் சிலரும், பொழுது போகாதவர்கள் சிலரும் சேர்ந்தார்கள். ஸ்வான்போர்க் தன் பையனைப் பார்க்கச் சேர்ந்தாள். மரத்தூள் வாசனைக்கு நடுவே லோவா மூக்கைச் சிந்திவிட்டு, முதலில் யாரும் பறக்க வேண்டாம், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அது போதும் என்றாள். படுக்கும்போது நான் மறக்க மாட்டேன் என்று தனக்குத்தானே சொல்ல வேண்டும். விழித்ததும் அசையக் கூடாது, கண் திறக்கக் கூடாது. இப்போது எங்கே இருந்தேன் என்று மட்டும் கேட்க வேண்டும். ஒரு நிறமோ வாசனையோ கிடைத்தாலும் விடாமல் பிடித்து இழுக்க வேண்டும். தப்பிவிட்டால், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தோமோ அதே பக்கம் மறுபடி திரும்பிப் படுக்க வேண்டும். எழுந்திருக்கும் முன் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

மற்றவர்கள் இரண்டாம் வகுப்பிலேயே தங்கள் பாம்புகளையும் பரீட்சைகளையும் கொண்டுவந்துவிட்டார்கள். ஸ்வான்போர்க் வெறுங்கையோடு வந்தாள். லோவா அவளிடம், காலையில் உன்னை யார் எழுப்புவது என்று கேட்டாள்.

"என் வீட்டுக்காரர். முழங்கையால இடிப்பார்."

"அப்ப தனியாப் படு," என்றாள் லோவா. "இடிச்சு எழுப்புனா ஒரு ஆட்டுக்குட்டிக்குக்கூட எதுவும் ஞாபகம் இருக்காது."

அன்றைக்கே அவள் தோர்பியின் அறையில் படுக்கையை விரித்தாள். எனக்குக் குளிரும் என்றான் ஆர்மான். கம்பளி இருக்கிறது என்றாள் அவள். முதல் காலையில் கிடைத்தது ஈரக் கம்பளியின் வாசனை மட்டும். அசையாமல் கிடந்து அதை வாய்விட்டுச் சொன்னாள். மறுநாள் ஒரு நீலம். அடுத்து அந்த நீலம் கிணற்று மூடியாயிற்று. அதை முகர்ந்துகொண்டு ஒற்றைக் காது நாய் வந்தது. அவளுக்கு நெஞ்சில் ஏதோ நெருடியது, ஆனால் இன்னும் பெயர் வைக்கவில்லை. அந்தக் காலைகளில் ஆர்மான் மேசையில் பேசாமல் மென்றுகொண்டிருந்தான். கனவு வரவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, ஒருநாள் தானே ஒன்றைக் கட்டிச் சொன்னான். அதை நம்பிப் போன படகுகள் பாறையில் வலையைக் கிழித்துக்கொண்டு திரும்பின. வெந்நீர்த் தொட்டியில் ப்ரீதா பக்கத்தில் நகர்ந்து வந்து உட்கார்ந்தாள். "புருசன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும், நான் கேக்கல. ஆனா நீ அந்தக் கட்டிலுக்குத் திரும்பிப் போ ஸ்வானா. ஊர் மீன் இல்லாம கெடக்கு." ஸ்வான்போர்க் தொட்டியிலிருந்து எழுந்து, ஈரத் தலையோடு பனியில் நடந்து வீட்டுக்குப் போனாள். தலைமுடியின் ஒவ்வொரு இழையும் ஐஸாகிக் கிலுங்கியது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, முழுக் கனவும் வந்தது. தோர்பி சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தான். ஸ்வெட்டர் கைகளிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. முகத்தில் கோபமில்லை. புரியாமல் பார்ப்பவனின் முகம் அது. "ஏம்மா, அன்னைக்கு விடியும்போது தூக்கத்துல வந்து உன்கிட்ட அவ்ளோ சொன்னேனே. அப்புறமும் ஏம்மா பூட்ஸை எடுத்துப் போட்ட?" என்றான். அவள் விழித்தாள். அசையவில்லை. கேட்டதைச் சொல்லுக்குச் சொல் வாய்விட்டுச் சொன்னாள். பிறகு எழுந்து சமையலறைக்குப் போனாள். ஆர்மான் மீனில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

"தோர்பி போன அன்னைக்கு என்ன கனவு கண்ட?"

"சொன்னேனே. தண்ணி. அவன் சட்டைக் கையிலேருந்து ஊத்துச்சு. தண்ணி நெறைஞ்சா மீன் நெறையும்னு அர்த்தம், எப்பவும் அப்படித்தான்."

"சட்டைக் கைன்னு அன்னைக்கு நீ சொல்லல. அவன் வாயத் தொறந்து ஏதாவது சொன்னானா?"

ஆர்மான் ஏற்கெனவே வெண்ணெய் தடவிய இடத்திலேயே மறுபடி தடவினான். "சொன்னான்."

"என்ன சொன்னான்?"

"அம்மா, இன்னைக்கு என்னை அனுப்பாதேன்னான்." உடனே சேர்த்துக்கொண்டான்: "கனவுல என்னென்னமோ சொல்வாங்க ஸ்வானா. எல்லாத்தையும் அப்படியே எடுத்துக்க முடியுமா?"

"உன்னை யாராவது அம்மான்னு கூப்பிடுவாங்களா ஆர்மான்? இந்த ஊர்ல, என்னைக்காவது, யாராவது?"

அவன் கத்தியை மேசையில் வைத்தான். பிறகு, தப்பு முழுவதும் தன்னுடையதல்ல என்று நினைப்பவனின் குரலில் சொன்னான்: "அது அங்க கெடந்துச்சு. நான் எடுத்துக்கிட்டேன். நீ எடுக்கல, எந்திரிச்சுப் போயிட்ட."

"நீதான இடிச்சு எழுப்புன."

ஸ்வான்போர்க் கத்தவில்லை. காபியைக் கழுவுதொட்டியில் கொட்டினாள். படுக்கையறைக்குப் போய், அவர்கள் இத்தனை வருடம் படுத்த மெத்தையைக் கட்டிலிலிருந்து உருவி, கதவு நிலையில் சிக்கியபோது உதைத்து, வெளியே இழுத்தாள். தேவாலயத்துக்குப் போகிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, கூட்டுறவுக் கடையைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, பனியில் அகலமான தடம் விழ இழுத்துக்கொண்டு போய்த் துறைமுகத்தில் தள்ளிவிட்டாள். மெத்தை மூழ்கவில்லை. அவள் படுத்த பள்ளம் மேலே தெரிய, வசந்தம் வரைக்கும் படகுகளுக்கு நடுவே மிதந்தது. கொக்கி போட்டு இழுத்தும் கரைக்கு வர மறுத்துவிட்டது. கடல் வாத்துகள் அந்தப் பள்ளத்தில் ஏறித் தூங்கின. விழித்ததும் ஆட்டுக்குட்டிகளைப் போலக் கத்தின.

திருட்டு ஊருக்குத் தெரிந்தது. ஊர் அதற்காக ஆர்மானை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜன்னல் ஓரத்து நாற்காலியை மட்டும் பேசாமல் எடுத்துவிட்டார்கள். மீன் கிடைக்கும்வரை அது யாருடைய தூக்கத்திலிருந்து கிடைக்கிறது என்று எந்த ஊரும் கேட்பதில்லை. கிடைக்காதபோதும், அடுத்து யார் தருவார்கள் என்றுதான் கேட்கும். ஹ்யால்தி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இப்போது அவள் வாசலில் நின்றான். "நடந்தது நடந்துபோச்சு ஸ்வானா. கனவு உன்னோடதுன்னு தெரிஞ்சு போச்சு, சந்தோசம். இனிமே நீயே சொல்லிடேன். காலைல ஒரு போன் அடிச்சாப் போதும்."

"ஹ்யால்தி, எம்பையன் போனதுக்கப்புறம் நீங்க புடிச்சதெல்லாம் அவன் எனக்குச் சொல்ல வந்த பேச்சு," என்றாள் ஸ்வான்போர்க். "அதை நீங்க வலையில அள்ளுனீங்க. நானே என் கையால அறுத்துப் புழு எடுத்துப் பெட்டியில அடுக்குனேன். இனி என் தூக்கத்துலேருந்து ஒரு செதில்கூட உங்களுக்குக் கிடையாது." கதவைச் சாத்தினாள். ஆர்மானின் துணிமணிகள் அன்றே வலைக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தன.

அந்தக் குளிர்காலம் முழுவதும் ஊரில் எல்லாக் கூரையிலும் பனி முழம் முழமாகக் கிடந்தது. ஸ்வான்போர்க்கின் தகரக் கூரையில் ஒரு திவலையும் தங்கவில்லை. விழுந்த பனி சுடுதட்டில் விழுந்த தண்ணீர் போலச் சீறி ஆவியாயிற்று. மின்சாரம் கசிகிறதோ என்று பார்க்க ஆள் வந்து, கம்பிகளைச் சோதித்து, சுவரில் கை வைத்துப் பார்த்து, பிறகு கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டு, கோளாறு ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்தச் சுவரோரம் துணி காயப்போட்டுக்கொண்டார்கள்.

லோவாவின் வகுப்பில் அடுத்த பாடம், கனவுக்குள் இருக்கும்போதே இது கனவு என்று தெரிந்துகொள்வது. கையை உற்றுப் பார்க்க வேண்டும். கனவில் விரல்கள் எண்ணிக்கைக்குக் கட்டுப்படாது. எழுதியிருப்பதை இரண்டு தடவை படிக்க வேண்டும். கனவில் எழுத்து மாறிவிடும். ஸ்வான்போர்க் பத்தே நாளில் கற்றுக்கொண்டாள். சமையலறை மேசையில் தோர்பி இருப்பான், அவள் தன் கையைப் பார்ப்பாள், விரல்கள் மீன் செவுளைப் போல விரிந்து விரிந்து மூடும், இது கனவு என்று தெரியும். தெரிந்த அந்த நொடியிலேயே ஆர்மான் வெண்ணெய் தடவிய கத்தி ஞாபகம் வரும். கோபம் பொங்கும். விழித்துக்கொண்டுவிடுவாள். ஒவ்வொரு தடவையும் இதுவே நடந்தது. வகுப்பு முடிந்து மற்றவர்கள் போனபின் லோவாவிடம் சொன்னாள்.

"உணர்ச்சி கூடுனா கனவு ஒடைஞ்சிரும்," என்றாள் லோவா, மூக்கைத் துடைத்துக்கொண்டே. "கோவத்த வெளிய வச்சுட்டு உள்ள போ."

"எங்க வைக்கிறது? வைக்க எடமில்ல."

"அப்ப வேற வழி எனக்குத் தெரியாது. ஆனா உள்ள போனதும் எதையாவது தொட்டுக்கோ. மேசை, சுவர், ஏதோ ஒண்ணு. கை புடிச்சிருக்குற வரைக்கும் கனவு நிக்கும்."

அவள் கோபத்தோடேயே உள்ளே போனாள். பொங்கியபோது மேசையைத் தொடவில்லை. எட்டி, தோர்பியின் ஈரக் கம்பளிச் சட்டைக் கையை இரண்டு கையாலும் பிடித்தாள். கனவு குலுங்கியது, சுவர்கள் ஆடின, அவள் விடவில்லை. "நீ சொன்னது எதுவும் எனக்கு வந்து சேரல தோர்பி," என்றாள். "அன்னைக்கும் சேரல, அப்புறமும் சேரல. உங்கப்பா நடுவுல எடுத்துக்கிட்டார்."

தோர்பி அவளைப் பார்த்தான். "அப்ப இத்தனை நாளா நான் யார்கிட்ட பேசிக்கிட்டிருந்தேன்?"

"படகுக்காரங்ககிட்ட."

"வடக்குத் திட்டுல கெடக்குறேன், குளிருது, வந்து எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னேனே."

"அங்க வலை போட்டாங்க," என்றாள் ஸ்வான்போர்க்.

அவன் முகம் மாறியது. அவளுடைய கோபம் அப்படியே அவன் முகத்தில் ஏறுவதை அவள் பார்த்தாள். பிரசவத்துக்குப் பிறகு அவனிடம் தன் ஜாடையை இவ்வளவு தெளிவாக அவள் கண்டதில்லை. தாயும் மகனும் ஒரே கோபத்தில், மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு விடிந்தது. அவள் விழித்தாள். அசையவில்லை, கண் திறக்கவில்லை. மூடிய விரல்களுக்குள் ஈரக் கம்பளி இன்னும் இருந்தது. முதலில் நிறத்தை இழு, பிறகு வாசனையை இழு, வேகமாக இழுக்காதே என்று லோவா சொன்னபடியே, அவள் சட்டைக் கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் இழுத்தாள். ஆலைச் சங்கு ஊதியது. தேவாலய மணி அடித்தது. யாரோ கதவைத் தட்டிவிட்டுப் போனார்கள். அவள் இழுத்துக்கொண்டே கிடந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குக் கிட்டத்தட்ட, "அம்மா, கை வலிக்குது" என்ற குரல் கேட்டது. கண் திறந்தாள். தோர்பி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். தரை முழுவதும் உப்புத் தண்ணீர்.

பாதிரியார் வந்து பார்த்து, கல்லறைத் தோட்டத்து வெறும் பெட்டிக்கு மேலிருந்த கல்லை எடுத்துவிடச் சொன்னார். கூட்டுறவுக் கடையில் அவனுக்கென்று வாசலில் ஒரு சாக்கு விரித்தார்கள். அவனுக்கு வயது ஏறவில்லை, ஸ்வெட்டரும் உலரவில்லை. எவ்வளவு பிழிந்தாலும் கைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டேயிருந்தது. அவன் நீச்சல் குளத்தில் காவல் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே ஈரம் ஒரு குறையல்ல. ஹ்யால்தி ஒரு தடவை வெந்நீர்த் தொட்டியில் அமர்ந்தபடி, இப்போது மீன் எந்தப் பக்கம் என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தான். எனக்கு மீனைப் பற்றி ஒருநாளும் எதுவும் தெரியாது என்றான் தோர்பி. ஹ்யால்தி தலையை நீருக்குள் அமிழ்த்திக்கொண்டான். ஊர் அதற்குப் பிறகு வானொலியைக் கேட்டுக் கடலுக்குப் போகிறது. சில நாள் மீன் கிடைக்கிறது, சில நாள் இல்லை.

ஆர்மான் வலைக் கொட்டகையில்தான் படுக்கிறான். காலையில் வாளியும் தரை துடைக்கும் துணியும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவான். ஸ்வான்போர்க் அவனை வரச் சொன்னதில்லை, வராதே என்றும் சொன்னதில்லை. வாசலிலிருந்து சமையலறை மேசைவரை அவன் முழங்காலை இழுத்து இழுத்து, தோர்பியிடமிருந்து சொட்டிய தண்ணீரைத் துடைத்துக்கொண்டு வருவான். தாயும் மகனும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். மேசைக்கு அடியில் துடைக்க வரும்போது தோர்பி கால்களைத் தூக்கிக்கொள்வான். உப்புத் தண்ணீர் மரத்தில் ஊறவிட்டால் தரை கெட்டுவிடும் என்பதால், ஆர்மான் ஒருநாளும் தாமதமாக வருவதில்லை.